வெயில் புகாத அறை

அத்தியாயம் ஏழு

மருந்துக்கு இடது வலது தெரியாது. இதை நேற்றே யோசித்திருக்க வேண்டும்.

காலையில் கண் விழித்ததிலிருந்து பூட்டின் மனதில் இந்த ஒரு எண்ணம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதிகம் பேசாத மனிதர் என்பதால் துப்பறியும் தொழில் வட்டாரத்தில் எல்லோரும் அவரைப் பூட்டு என்றே அழைத்தார்கள். அவரும் மறுக்கவில்லை. மறுப்பதற்குப் பேச வேண்டுமே. நேற்று மட்டும், மருத்துவமனைக் குழுவின் முன்னால் வாயைத் திறந்து ஒரு ஆளைக் கைகாட்டியிருந்தார். அந்த ஆள் இன்று மாலை வேலையை இழக்கப்போகிறாள்.

"தம்பி, நேத்து சாப்பாட்டையும் தொடல, இன்னைக்கு காப்பியையும் தொடல. இப்படியே போனா உங்களைக் கண்டுபிடிக்க நான் ஒரு துப்பறியும் ஆளை வைக்கணும்" என்றார் அண்ணி.

அண்ணி, அவருடைய அண்ணன் மனைவி. கணவர் இறந்த பிறகு, வீட்டில் தனியாக இருந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவேன் என்று சொல்லி கொழுந்தனின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தவர். இங்கேயும் பெரும்பாலும் சுவரோடுதான் பேசுகிறேன் என்பது அவருடைய நிரந்தரப் புகார். இன்று வெள்ளையில் சிவப்புக் கட்டம் போட்ட புதுச் சட்டை அணிந்திருந்தார். பூட்டு அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அதுவும் புகார்களில் சேர்ந்துகொண்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும் அண்ணி" என்றார் பூட்டு. "நான் தப்பா சொல்லிட்டேன்னு நினைக்கிறேன்."

அண்ணி அதற்கு நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வழக்கு சிறியது. அந்த மருத்துவமனையின் டாக்டர் கட்டிகளுக்கு ஒரு புது வைத்தியம் கண்டுபிடித்திருந்தார். ஊசியில் ஏற்றும் ஒரு மருந்து உடம்பெங்கும் சுற்றி, கட்டிக்குள் போய் அதிகமாகத் தங்கும். அங்கே அது சும்மா கிடக்கும். லேசர் ஒளி பட்டால்தான் விழித்துக்கொள்ளும். விழித்ததும் தான் இருக்கும் இடத்தை எரித்துவிடும். கட்டி செத்துப்போகும். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம். ஒரே ஒரு தொல்லை உண்டு. மருந்து கொஞ்சம் தோலிலும் தங்கிவிடும். அது வடியும் வரை நோயாளி வெளிச்சத்துக்கு வரக்கூடாது. வந்தால் தோல் வெந்துவிடும்.

பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவரின் மனைவிக்கு முதல் சிகிச்சை நன்றாகவே நடந்தது. கட்டி பாதியாகச் சுருங்கியது. பிறகு முகத்திலும் கையிலும் தீக்காயம் வர ஆரம்பித்தது. மனைவியைப் பொட்டு வெயில் படாமல் வைத்திருப்பதாகக் கணவர் சத்தியம் செய்தார். அப்படியானால் மருந்தில்தான் ஏதோ கோளாறு என்று குழு நினைத்தது. மருந்து இருந்த பெட்டிக்கு யாரிடம் சாவி இருந்தது என்று கண்டுபிடிக்கப் பூட்டை அமர்த்தினார்கள். சாவி ஒருத்தியிடம்தான் இருந்தது. மருந்து கலந்து கொடுக்கும் பெண்ணிடம். பூட்டு அதைச் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் கேட்டவர்கள் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டார்கள். அவரும் எழுந்து திருத்தவில்லை.

டாக்டரின் அறையில் திரைச்சீலைகள் இழுத்துவிடப்பட்டிருந்தன. அவர் முகத்தில் தூக்கமில்லை.

"புண் எந்தப் பக்கம் டாக்டர்?" என்று கேட்டார் பூட்டு.

"இடது பக்கம். இடது கன்னம், காது, இடது கையோட மேல்புறம்."

"கட்டி?"

"வலது கழுத்துல. நேத்தே சொன்னேனே."

"சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல." பூட்டு சற்று நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்து அதிகமாப் போயிருந்தா, அது இடது பக்கம் மட்டும் போகுமா?"

"ரத்தத்துல கலக்கறது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் போகும்."

"அப்ப மருந்து குத்தவாளி இல்ல. வெளிச்சம்தான். இடது பக்கத்துலேர்ந்து வந்த ஏதோ ஒரு வெளிச்சம்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் அப்படித் தோணுச்சு. ஆனா அவர் மனைவியை எப்படிப் பாத்துக்கிறார்னு நான் பாத்திருக்கேன். தலையிலேர்ந்து கால்வரை கம்பளி சுத்தித்தான் கூட்டிட்டு வருவார். இங்க வந்து கம்பளியை எடுத்தா முகம் வெந்து கிடக்கும். 'வீட்டுல நல்லாத்தான் இருந்தா, உங்க வாசப்படி ஏறினா இப்படி ஆகுது'ன்னு கத்தறார். அவர் மேல எப்படிச் சந்தேகப்படறது?"

"சரி, உங்க லேசர் என்ன கலர் டாக்டர்? சினிமால வர்ற மாதிரி பச்சையா?" என்று கேட்டார் அண்ணி.

"சிவப்பு."

"ஏன், பச்சை விலை ஜாஸ்தியா?"

டாக்டர் சிரிக்கவில்லை. மேசையிலிருந்த டார்ச்சை ஏற்றி, தன் உள்ளங்கையால் அதை மூடினார். விரல்களின் ஓரமெல்லாம் தணல் மாதிரி சிவந்தன. "இதுல எல்லா நிறமும் இருக்கு. ஆனா மத்ததெல்லாம் சதைக்குள்ள நின்னுடுது. சிவப்பு மட்டும்தான் அந்தப் பக்கம் வருது. ஆழத்துல இருக்கிற கட்டிக்கு அதுதான் எட்டும். அதனால சிவப்புக்கு விழிக்கிற மாதிரி மருந்தைச் செஞ்சேன்."

"எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப நான் பாத்த பார்வையும் அந்த நிறம்தான் போல. எலும்பு வரைக்கும் எட்டுதுன்னு சொல்லுவார்."

பூட்டு எழுந்தார். "வீட்டைப் பாக்கணும். சாயங்காலத்துக்குள்ள."

"சீக்கிரம் பாருங்க" என்றார் டாக்டர். "குழு அந்தப் பொண்ணை அனுப்பறதோட நிக்காது. இந்த வைத்தியத்தையும் நிறுத்திடும். அந்தம்மாவுக்கு இன்னும் பாதிக் கட்டி கழுத்துல இருக்கு."

வெளியே நடைபாதை பெஞ்சில் மருந்து கலக்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். மடித்த வெள்ளைக் கோட்டை மடியில் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்து வந்திருக்கிறாள் என்பதைப் பூட்டு பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்றிருந்தது.

"இன்னும் முடிவாகலையேம்மா, அதுக்குள்ள கோட்டைக் கழட்டிட்டியா?" என்றார் அண்ணி.

"அவங்க கழட்டச் சொல்லிக் கழட்டறதைவிட இது மேல் அக்கா." அவள் பூட்டை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பொய் சொல்லல சார். சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. பூட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்வதற்கு எதுவும் சரியாக அமையவில்லை. படியிறங்கும்போது அண்ணி மெல்லச் சொன்னார்: "உங்க அண்ணனும் இப்படித்தான். மன்னிப்புக் கேக்க நல்ல வார்த்தை தேடித் தேடியே ஆயுசு போச்சு."

ஸ்டுடியோ ஒரு குறுகலான தெருவின் முனையில் இருந்தது. கீழே மூடிய கடை. கண்ணாடிக்குப் பின்னால் யார் யாரோ மணமக்கள் வெளிறிப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாடியில் வீடு. கதவைத் திறந்த ஸ்டுடியோக்காரர் மெலிந்த, நிமிர்ந்த மனிதர். விரல் நுனிகளில் பழைய ரசாயனக் கறை.

"மறுபடியும் எதுக்கு வந்தீங்க? ஆள் யாருன்னு நேத்தே சொல்லிட்டீங்களே."

"வீட்டை ஒரு தடவை பாத்துட்டுப் போறோம்" என்றார் பூட்டு.

"எதுக்கு? நான்தான் வெயில்ல போட்டேன்னு எழுதறதுக்கா?" அவர் ஒதுங்கி வழிவிட்டார். "பாருங்க. நல்லாப் பாருங்க."

பார்த்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் இரண்டு அடுக்கு. கதவின் கீழ் இடுக்கில் சுருட்டிய துணி. சாவித் துளையில்கூடப் பஞ்சு.

"ஊசி நுழையற வெளிச்சம்கூட இல்ல. நான் வெளிச்சத்தோட பொழைச்சவன் சார். அதை எப்படி உள்ள விடறது, எப்படி வெளிய நிறுத்தறதுன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்."

"அம்மா எந்த ரூம்ல இருக்காங்க?" என்று கேட்டார் அண்ணி.

"இது எதுலயும் இல்ல. இதெல்லாம் கூடுதல் காவல்." அவர் குரலில் முதல் முறையாகக் கொஞ்சம் பெருமை வந்தது. "படம் கழுவுற ரூம்ல வெச்சிருக்கேன். இந்த ஊர்லயே அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது."

வீட்டின் பின்கோடியில் ஒரு கதவு. அதைத் திறந்து இருவரையும் உள்ளே நிறுத்திச் சாத்தினார். பிறகு கையால் தடவி அடுத்த கதவைத் திறந்து, கனமான கறுப்புத் திரையை விலக்கினார்.

உள்ளே ஒரே ஒரு சிறிய சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

தட்டுகளும் ரசாயனப் புட்டிகளும் அகற்றப்பட்டிருந்தன. படம் பெரிதாக்கும் கருவி போர்வை போர்த்தி மூலையில் நின்றது. கழுவும் மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில். அதில் அவர் மனைவி படுத்திருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி. அதன் முதுகில் ஒரு தலையணை கட்டியிருந்தது. அங்கேதான் ராத்திரியும் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"வாங்க" என்றார் அந்த அம்மா, எழுந்திருக்க முயன்றபடி.

"படுத்துக்குங்கக்கா, நாங்க என்ன விருந்தாளியா" என்று கட்டிலருகே போன அண்ணி, சட்டென்று நின்று தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். "தம்பி, என் சட்டையில இருந்த கட்டமெல்லாம் எங்க போச்சு? சாயம் போகாதுன்னு கடைக்காரன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். தண்ணிலகூட இன்னும் நனைக்கல."

பூட்டு திரும்பிப் பார்த்தார். சட்டை வெறும் சட்டையாக இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

"இங்க அப்படித்தான் தெரியும்மா" என்றார் ஸ்டுடியோக்காரர், பழக்கமான கேள்விக்குப் பதில் சொல்வது போல. "சிவப்பு வெளிச்சத்துல சிவப்பு தெரியாது. வெள்ளையோட வெள்ளையாப் போயிடும்."

பூட்டு அசையாமல் நின்றார். அவர் சட்டையைப் பார்க்கவில்லை. கட்டிலில் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு மேசைக்கு மேலே, அந்த அம்மாவின் இடது பக்கம் தொங்கியது.

"ஐயா, உங்க மனைவி முகம் இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்களே பாருங்களேன். வழவழன்னு இருக்கு. அங்க போனாத்தான்..."

"ராத்திரியும் இந்த விளக்கு எரியுமா?"

"எரியாம? நான் முழிச்சுப் பாத்துட்டே இருக்க வேண்டாமா? இது ஒண்ணும் பண்ணாது சார். என் ஆயுசுல இந்த விளக்கால ஒரு போட்டோ பேப்பர் கெட்டது கிடையாது."

பூட்டு இரண்டடி நடந்து சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார்.

இருட்டு என்றால் அப்படியொரு இருட்டு. கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியவில்லை. எதிர்ப்பார் என்று பூட்டு நினைத்தார். ஸ்டுடியோக்காரர் எதிர்க்கவில்லை. பிறகு அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"எதுக்கு அணைச்சீங்க?"

பூட்டுக்கு அப்போது ஒரு யோசனை இருந்தது. இவரை வெளியே கூட்டிப்போய்த் தனியாகச் சொல்லலாம். மெல்ல மெல்லச் சொல்லலாம். ஆனால் மெல்லச் சொல்கிறேன் என்று தான் விட்டுவைக்கும் ஒவ்வொன்றும் வேறொருவர் தலையில் விழுகிறது என்பதை நேற்றுப் பார்த்தாயிற்று.

"உங்க பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. அதனால கெடல. டாக்டரோட மருந்துக்குச் சிவப்பு மட்டும்தான் நல்லாத் தெரியும். அவர் லேசரும் இதே நிறம்தான்." நிறுத்தினார். சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. "புண் வந்ததும் உங்களுக்குத் தெரியல. சட்டையில கட்டம் மறைஞ்ச மாதிரி, அதோட சிவப்பும் இந்த வெளிச்சத்துல மறைஞ்சுடுச்சு. வெளிய போனப்புறம்தான் தெரிஞ்சுது. அங்க வந்த புண் இல்ல அது."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"டாக்டர் வெயில்னுதான் சொன்னார்" என்றார் ஸ்டுடியோக்காரர். "வெயில், டியூப்லைட், பல்பு. சிவப்புன்னு சொல்லல. நானும் கேக்கல. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே." மூச்சு இழுக்கும் சத்தம். "நான் பாக்கப் பாக்க வெந்திருக்கா. பாக்கறதுக்காகவே விளக்குப் போட்டு..."

"எனக்குத் தெரியும்" என்றார் மனைவி.

இருட்டில் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்றுகூடத் தெரியவில்லை.

"என்ன தெரியும்?"

"விளக்கைப் பாத்துத் திரும்பினா எரியும். சுவரைப் பாத்துப் படுத்தா குறையும். ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்டி சொல்லல?"

போர்வை சரசரத்தது.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்தக் கதவுக்கு வெளியதான் நின்னேன். தட்டக்கூடாது, திறக்கக்கூடாது, படம் கெட்டுடும். சாப்பாட்டை வெளிய வெச்சுட்டுப் போவேன். உங்க குரல் கதவு வழியாத்தான் எனக்குப் பழக்கம்." அந்த அம்மா கொஞ்சம் நிறுத்தினார். "இப்பதான் முத தடவை உள்ள கூப்பிட்டீங்க. பக்கத்துல உக்காந்து, நான் தூங்கறதைப் பாத்துட்டிருந்தீங்க. விளக்கு எரியுதுன்னு சொன்னா அணைச்சுடுவீங்க. அணைச்சா என்னைப் பாக்க முடியாது. எழுந்து போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

ஸ்டுடியோக்காரர் அழுதாரா என்று பூட்டுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று பட்டது.

"அக்கா," என்றார் அண்ணி. அவர் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. "ஆஸ்பத்திரியில மருந்து கலக்கிற பொண்ணு ஒருத்தி இருக்கா, ஞாபகம் இருக்கா?"

"இருக்கே. ஊசி போடறப்ப என் கையைப் பிடிச்சுட்டு நின்னா. நல்ல பொண்ணு. அவளுக்கு என்ன?"

"இந்தப் புண் அவளாலன்னு சொல்லி இன்னைக்கு சாயங்காலம் வேலையை விட்டு அனுப்பறாங்க. போலீஸுக்கும் போகுமாம்."

"யாரு சொன்னது?"

அந்த அம்மா கேள்வியைத் திரும்பக் கேட்டார்.

"யாரு சொன்னதுங்க?"

"நான் சொன்னேன்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"நானும்" என்றார் பூட்டு.

கட்டில் கிறீச்சிட்டது. அந்த அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். "கடவுளே. என் வாயை மூடிட்டு நான் இங்க கிடந்தேன். அங்க அந்தப் புள்ள..." பிறகு குரல் திடமாயிற்று. "போங்க. ரெண்டு பேரும் இப்பவே போங்க. நானே வந்திருப்பேன், இந்த உடம்பு விடாது. நான் வாயைத் திறக்காம கிடந்ததையும் அங்க சொல்லுங்க."

"உன்னைத் தனியா விட்டுட்டா?" என்றார் கணவர்.

"தனியா எங்க? நான் இருக்கேன்" என்றார் அண்ணி. "எனக்குப் பேச வெளிச்சம் தேவையில்ல. தம்பி, நீங்க போங்க. பதில் சொல்ற ஆள் கிடைச்சுப் பல வருஷமாச்சு, கெடுத்துடாதீங்க."

ஸ்டுடியோக்காரர் போகும் முன் சுவரைத் தடவிக்கொண்டு மேசைக்குப் போனார். பல்பைத் திருகிக் கழற்றும் சத்தம் கேட்டது. அது இன்னும் சூடாக இருந்திருக்க வேண்டும். அவர் கையை எடுக்கவில்லை.

பேருந்தில் இடம் இருந்தும் ஸ்டுடியோக்காரர் உட்காரவில்லை. மருத்துவமனை வாசலை நெருங்கும்போது ஒரு தடவை மட்டும் நின்றார்.

"உள்ள போய் நான் என்னன்னு சொல்றது? என் பெண்டாட்டியை நானே சுட்டேன்னா?"

பூட்டு யோசித்தார். "வேற எப்படிச் சொன்னாலும் அந்தப் பொண்ணு இந்தப் பழியிலேர்ந்து வெளிய வரமாட்டா."

"எனக்கு வீட்டுக்குத் திரும்பிடணும் போல இருக்கு."

"எனக்கும்தான்."

குழு கூடும் அறைக்கு வெளியே அவள் அதே பெஞ்சில் இருந்தாள். ஸ்டுடியோக்காரரைப் பார்த்ததும் எழுந்து ஒரு அடி பின்வாங்கினாள். போன முறை பத்துப் பேர் முன்னிலையில் இவர் அவளைக் கொலைகாரி என்று கத்தியிருந்தார். பின்வாங்கியவள், தயங்கி, கேட்டாள்:

"அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு சார்?"

அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பூட்டு அவருக்காகப் பேசிவிடலாமா என்று நினைத்தார். பேசாமல் நின்றார். இந்த முறை அந்த மௌனம் சரியென்று பட்டது.

"இருட்டுல இருக்கா" என்றார் ஸ்டுடியோக்காரர். "நிஜமான இருட்டுல. இன்னைக்குத்தான். இவ்வளவு நாளும் சிவப்பு விளக்குக்கு அடியில வெச்சிருந்தேன். அதான் சுட்டிருக்கு. நான்தான்ம்மா. நீ இல்ல."

அவள் முகத்தில் முதலில் நிம்மதி வரவில்லை. "சிவப்பா?" என்றாள் மெல்ல. அந்த மருந்தைக் கையாண்டவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அவள் நினைப்பது முகத்தில் தெரிந்தது. பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தாள். கோட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார் அவர்.

"அதை அப்புறம் பாக்கலாம் சார்." அவள் குழு அறைக் கதவைக் காட்டினாள். "இப்ப உள்ள போய் இதையே சொல்லுங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே. எதையும் குறைக்காம." பூட்டின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் சார். நேத்து நீங்க சொன்னதுல பொய் இல்ல. ஆனா சொல்லிட்டுச் சும்மா உக்காந்திருந்தீங்க."

"ஆமா" என்றார் பூட்டு.

கதவைத் தள்ளினார்கள். நீண்ட மேசையின் இரு பக்கமும் குழுவினர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓரத்தில் டாக்டர் எழுந்து நின்றார். என்ன விஷயம் என்று தலைவர் கேட்டார். ஸ்டுடியோக்காரர் பூட்டைப் பார்த்தார், பூட்டு ஸ்டுடியோக்காரரைப் பார்த்தார். பெஞ்சிலிருந்து பார்ப்பவளுக்குத் தெரியும்படி கதவு திறந்தே இருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.